அண்ணன் பக்கத்து x

எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர், அவரவர் வீட்டாரின் வயதை வைத்தே ஒரு சமன்பாடு எழுதி வரச் சொன்னார். எனக்கு 13, அண்ணனுக்கு 17. இருவருக்கும் ஒரே வயதாக எத்தனை வருடம் ஆகும்?

13 + x = 17
x = 17 − 13
x = 4

சரிபார்த்தும் காட்டியிருந்தேன்: 13 + 4 = 17. அதன் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது.

"என்னாமா இது? நீ மட்டும் வளர்ந்துக்கினே இருப்ப, உங்க அண்ணன் அப்பிடியே நின்னுக்கினு இருப்பானா? ரெண்டு பக்கமும் x போடணும்மா." கரும்பலகையில் அவரே எழுதினார். 13 + x = 17 + x. இரண்டு பக்கமும் x-ஐக் கழித்தார். 13 = 17. "நடக்குமா? இதுக்கு விடையே கெடையாது." வகுப்பே சிரித்தது.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. டீச்சர் ஆவணியில்தான் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தவர். அதற்கு முந்தின மாதம் தாமல் ஏரிக்குக் குளிக்கப் போன அண்ணன் பிணமாகத்தான் வந்தான் என்று அவருக்குத் தெரியாது. செத்தவனுக்கு ஏது x? நான் போட்டதுதான் சரி.

அந்த நாலு வருடத்தைத்தான் நான் நம்பியிருந்தேன். அண்ணன் போனபிறகு அம்மா என் முகத்தையே பார்ப்பதில்லை. எங்கள் தறியில் பட்டுச்சேலைக்குக் கரை கோர்த்து நெய்ய அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அண்ணன் உட்கார்ந்த இடத்தில் என்னை உட்காரவைத்தாள். "அவன் வந்தா எழுந்து எடம் குடு" என்றாள், வாசலைப் பார்த்தபடி.

வருடாவருடம் தீபாவளிக்கு முதல் நாள், செத்தவர்களுக்கு வைக்கும் படையலில் அவனுக்கும் ஒரு புதுச்சட்டை வைப்போம். படைத்த துணியை வீட்டில் யாராவது உடுத்திக்கொள்வதுதான் வழக்கம். அம்மா யாரையும் தொடவிடாமல் பீரோவில் பூட்டிவிடுவாள். எனக்கும் பதினேழு ஆகட்டும், அப்போது அந்தச் சட்டை எனக்குத்தான், அம்மாவும் எனக்குத்தான் என்று காத்திருந்தேன்.

பதினேழும் ஆனது. படையல் முடிந்ததும், "அந்தச் சட்டைய நான் போட்டுக்கட்டுமாம்மா? எனக்கும் இப்ப அவன் வயசுதான்" என்று கேட்டேன்.

அம்மா திட்டவில்லை. சிரித்தாள். பீரோவைத் திறந்து காட்டினாள். நாலு சட்டைகள், பிரிக்காமல். அடியில் இருந்ததன் அளவு முப்பத்துநாலு. அதன்மேல் முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது. கையிலிருந்த புதுச்சட்டையை என் தோளில் வைத்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு. சட்டைக் கை என் விரலையும் தாண்டித் தொங்கியது.

"உனக்குத் தொளதொளன்னு இருக்குது பாரு. அவனுக்கு இருபத்தொண்ணு ஆவுதும்மா. நீ மட்டுந்தான் வளருவியா?"

பயமாக இருந்தது. டீச்சர் போட்டதுதான் சரி.

தீபாவளி முடிந்து தறியில் உட்கார்ந்தபோது, அம்மா சொல்லாமலேயே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன், அவனுக்கு இடம் விட்டு.