மஞ்சள் பூசிய நூறு டொலர்

அம்மாவிடம் இரண்டு விதமான காசு இருந்தது. ரூபாய் நோட்டுகள் இடுப்புச் சுருக்குப்பையில் கசங்கிக் கிடக்கும். வெளிநாட்டு நோட்டுகள், அப்பாவின் நெஞ்சை எடுத்த எக்ஸ்ரே உறைக்குள் மடியாமல் படுத்திருக்கும். அப்பா போய் வெகு காலமாகியும் அந்த உறை எங்கள் லயத்துக் காம்பிராவில், தோட்டம் கொடுத்த ஒற்றை அறை வீட்டில், இருந்ததற்கு அதுதான் காரணம்.

அம்மா போன மாதம் இறந்தாள். பெயர் வீரம்மா. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். நான் கட்டாரில் லிஃப்ட் பழுதுபார்க்கிறேன். செய்தி கேட்டுப் புறப்பட்டு வந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அந்த உறையைத் திறந்தேன். உள்ளே ஒரு மஞ்சள் துணி முடிச்சு மட்டும் இருந்தது. முடிச்சுக்குள் நூறு டொலர்.

அது என்ன காசு என்று எனக்குத் தெரியும். நான் கட்டாரை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வரும் நாளில், என் கையால் மாரியம்மன் கோயில் உண்டியலில் போட வேண்டிய காசு. அம்மாவின் நேர்த்தி. எனக்கோ வியாழக்கிழமை விமானம்.

அம்மாவின் கேங், அதாவது சேர்ந்து வேலை செய்யும் பெண்களின் கூட்டம், கொழுந்து பறிக்கும் மலை ரோட்டோரம் இருந்தது. சுற்றுலா வேன்கள் வளைவில் நிற்கும். வெள்ளைக்காரர்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். சிலர் காசு கொடுப்பார்கள், பெரும்பாலும் தங்கள் நாட்டுக் காசு. யார் கையில் கொடுத்தாலும் அது மொத்த கேங்குக்கும் பொது. படத்தில் எல்லாரும்தானே விழுந்திருக்கிறோம் என்பது அவர்களுடைய சட்டம். வைத்துக் காப்பது அம்மாவின் பொறுப்பு. மாசத்துக்கு ஒருமுறை ஹட்டனுக்கு பஸ் ஏறி, துணிக்கடையோடு காசும் மாற்றும் பாவாவிடம் ரூபாயாக்கி வந்து பிரிப்பாள். அவர் முஸ்லிம் என்பதால் அவரை நானா, அண்ணன் என்று அழைப்பாள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நோட்டுகளுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். ஐந்து டொலர் தாடிக்காரன். பவுண் நோட்டு கிழவி. யூரோவில் மனித முகம் கிடையாது, பாலமும் வாசலும்தான். அதனால் அது ஆளில்லாத நோட்டு. கடைக்குள் நுழையும்போதே மரக்கறிக்கடையில் கேட்பது போலக் கேட்பாள்.

“பாவா நானா, இன்னைக்கித் தாடிக்காரன் என்னா வெல?”

“நேத்தைய விட ஒசந்துட்டான் அக்கா.”

“ஆளில்லாதது?”

“அது எப்பவும் ஒசத்திதான். ஆள் இல்லாத எடத்துலதானே நிம்மதி.”

சில்லறையைப் பாவா வாங்கமாட்டார். யாருமே வாங்கமாட்டார்கள். அதற்கும் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். யூரோச் சில்லறையைச் சேர்த்துவைத்து, அடுத்து அதே காசு கொடுக்கும் வேன் வரும்வரை காத்திருப்பாள். வந்ததும் உள்ளங்கையில் சில்லறையைப் பரப்பிக்காட்டி, “பேப்பர், பேப்பர்” என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டு சில்லறையை வாங்கி நோட்டுக் கொடுப்பார்கள். படம் எடுக்க வந்தவர்களிடம் காசு மாற்றி அனுப்புவாள்.

நோட்டு மடியக்கூடாது, அதில் எழுதக்கூடாது, கறை படக்கூடாது. இது பாவா சொல்லிக்கொடுத்தது. ரூபாய் கிழிந்தாலும் ஒட்டிக் கொடுக்கலாம். டொலரில் ஒரு பேனாக் கோடு இருந்தாலும் கொழும்பில் எடுக்கமாட்டார்கள். கேங்கில் யாராவது வியர்த்த கையால் நோட்டைத் தொட்டால் அம்மா பாய்வாள். “ஏய், அது என்னா வெத்தலையா? ஓரத்தப் புடி!”

இதெல்லாம் தெரிந்தவள்தான், நான் முதல் விடுமுறைக்கு வந்தபோது நீட்டிய நூறு டொலரின் நான்கு மூலைக்கும் மஞ்சள் பூசினாள்.

புது உடுப்போ புதுச் சட்டியோ, எது வந்தாலும் மூலையில் மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம். முதல் சம்பாத்தியம் என்றால் கட்டாயம். பூசி, சாமி படத்தின் முன் வைத்து, எட்டாக மடித்து, மஞ்சள் துணியில் முடிந்தாள். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

“அம்மா, இனி இத எவனும் எடுக்கமாட்டான்.”

“எவனும் எடுக்கவேணாம். மாரியம்மா எடுத்துக்குவா.”

“அப்ப ரூவாயில முடிஞ்சு வைங்க. டொலர் எதுக்கு?”

“நீ ரூவாயிலயா போன? டொலரு கூட்டிக்கிட்டுப் போச்சு. அதத்தான் அவகிட்ட ஒப்படைக்கணும். ஒரேயடியா வர்ற அன்னைக்கி ஒங்கையால போடு.”

அடுத்த விடுமுறையிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தேன். அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு முறையும் அம்மா எக்ஸ்ரே உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் ரூபாய் விழுந்தது. இருநூறாக இருந்த டொலர் சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. வண்டிக்கு எண்ணெய் இல்லை, வேன்கள் இல்லை, வெள்ளைக்காரர்கள் இல்லை. அதே சமயத்தில் எங்கள் கம்பெனியில் சம்பளம் நின்றுபோயிருந்தது. என்னால் எதுவும் அனுப்ப முடியவில்லை. அப்போது ஒரு காற்று எங்கள் காம்பிராவின் கூரைத் தகரத்தை உரித்துக்கொண்டு போனது. உள்ளே, பிரசவத்துக்கு வந்த என் தங்கை நிஷாந்தி கைக்குழந்தையோடு இருந்தாள்.

போனில் நான் சொன்னேன், “அம்மா, அந்த முடிச்ச அவிழுங்க. பாவாகிட்ட கெஞ்சிக் கேளுங்க. சம்பளம் வந்ததும் வேற நூறு டொலர் தாறேன், அத முடிஞ்சு வைங்க. காசு காசுதான்.”

மறுநாள் அம்மா பாவாவிடம் போயிருக்கிறாள். அதை இந்த முறைதான் முழுதாகக் கேட்டேன். அம்மாவோடு கூடப் போன ராக்காயி அத்தை, பக்கத்துக் காம்பிராக்காரி, அம்மாவோடு ஒரே கேங்கில் பறித்தவள், எங்கள் வாசலில் உட்கார்ந்து சொன்னாள்.

“பஸ் இல்லடா தம்பி. நடந்துதான் போனோம். ஒங்கம்மா வழி பூரா பேசல. கடையில முடிச்ச அவுத்து மேசையில வச்சா. பாவா பாத்துட்டுச் சிரிச்சிட்டாரு. ‘என்னா அக்கா, டொலருக்குச் சடங்கு சுத்தியிருக்கீங்களா?’ன்னாரு.”

நிஷாந்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா போனபின் அதுதான் முதல் தடவை.

“அப்புறம்?”

“கறைக்கு வெட்டு வச்சாரு. வெலையில மூணுல ஒரு பங்கு கொறச்சித்தான் தருவேன்னாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அவரு யாருகிட்டயாவது தள்ளணுமே. ஒங்கம்மா கேட்டா பாரு ஒரு கேள்வி. ‘மஞ்ச பூசுனா மதிப்புக் கூடும்னு நாங்க நெனச்சுக்கிட்டு இருக்கோம், நீங்க மஞ்சளுக்கு வெட்டு வைக்கிறீங்களா? எம்மவன் காசு மூணுல ரெண்டா?’ன்னா. திரும்ப முடிஞ்சு எடுத்துக்கிட்டா.”

“கூரைக்கு என்ன செஞ்சீங்க?”

“கேங் காசு ஒறையில இருந்துச்சுல்ல, தாடிக்காரனும் கிழவியும். அத எடுத்துக்கன்னு நாங்க எல்லாம் சொன்னோம். அவ மாட்டேன்னா. நாந்தான் ஒறைய உருவிக்கிட்டுப் போயி மாத்திட்டு வந்தேன். அதுல பாதிக் கூரைக்குத் தகரம் வந்துச்சு. மீதிக்கு ரப்பர்ஷீட். ஆனா தம்பி, அன்னைக்கித் திரும்பி வரும்போது ஒங்கம்மா மொகத்தப் பாக்கணும். ‘நா குடுக்கத்தான் போனேன், மாரியம்மா விடலடி’ன்னு சொல்லிக்கிட்டே வந்தா. அம்புட்டுச் சந்தோசம்.”

அந்தப் பாதிக் கூரை இன்னும் ரப்பர்ஷீட்தான். நான் பிறகு அனுப்பிய பணமெல்லாம் நிஷாந்தியின் பிள்ளைக்கும் கடைக் கணக்குக்கும் போயிருக்கிறது. அம்மா ஒருமுறையும் கூரையைப் பற்றிச் சொல்லவில்லை. நானும் அங்கிருந்து கேட்டது சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை ஹட்டனுக்குப் போய்ப் பாவாவின் மேசையில் என் ரியால் நோட்டுகளை வைத்தேன். அவருக்குத் தாடி முழுதாக வெளுத்திருந்தது. ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அந்த மஞ்ச நோட்டு இருக்கா, தம்பி?”

“இருக்கு.”

“கொண்டு வாங்க. முழு வெலைக்கு எடுக்கிறேன். அன்னைக்கே எடுத்திருக்கணும். ஒங்கம்மா வெளியில போனதுக்குப் பொறகுதான் மனசு கேக்கல. ஆளனுப்பினேன், அவங்க திரும்பி வரல.”

“அது மாத்துற காசில்ல, நானா.”

“அதத்தான் அவங்களும் சொல்லி அனுப்பினாங்க.”

தகரமும் ஆணியும் வாங்கி லொறியில் ஏற்றினேன். புதன்கிழமை நானே கூரை ஏறினேன். பழைய சட்டங்களில் இரண்டு உளுத்திருந்தன, மாற்றினேன். ரப்பர்ஷீட்டை உரித்தபோது அடியில் அம்மா வரிசையாகக் கட்டியிருந்த கயிற்று முடிச்சுகள் தெரிந்தன. எல்லாம் ஒரே மாதிரி முடிச்சு. அவிழ்க்க வரவில்லை. கத்தியால் அறுத்தேன்.

மாலையில் மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உண்டியலின் வாய் சிறியது. முடிச்சு உள்ளே போகுமா என்று வைத்துப் பார்த்தேன். போகும். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

“டொலரா தம்பி? ரூவாயாப் போடுங்களேன். மஞ்சப் பட்டத பேங்க்ல எடுக்கமாட்டான்.”

“தெரியும்ங்க.”

போட்டுவிடலாம். அம்மா இல்லை, யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. வியாழக்கிழமை விமானம் ஏறினாலும் நேர்த்தி முடிந்துவிட்டதென்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரேயடியாக வராமலே போட்டால், மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு அம்மா கொடுக்காததை நான் ஒன்றுமில்லாமல் கொடுத்ததாக ஆகும். முடிச்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

வாசலில் நின்று கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினேன். இந்த ஒப்பந்தம் ஆவணியில் முடிகிறது, புதுப்பிக்க வேண்டாம். இரண்டு வரிதான். அனுப்பிவிட்டு நிஷாந்தியிடம் முடிச்சைக் கொடுத்தேன். அவள் அதை எக்ஸ்ரே உறைக்குள் வைத்தாள்.

“ஆவணியில வந்துடுவேன்.”

“ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் அண்ணே சொல்லுவீங்க.”

“இந்தத் தடவ எழுதிக் குடுத்துட்டேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்து சேலைகளுக்கு அடியில் உறையை மடியாமல் வைத்தாள்.

“நனையாமப் பாத்துக்கிறேன். ஆனா வந்து நீங்கதான் போடணும். நான் போடமாட்டேன்.”