மணி இல்லாமல் வாங்கிய பீர்ப் பானை

பீர் காய்ச்சப் பானை வாங்க இன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரு கடைக்குப் போனேன். வீட்டிலேயே காய்ச்சலாம் என்பது ரூம்மேட் மணியும் நானும் போட்ட திட்டம். பிஎச்டி முடிந்ததும், போன மாதம் அவன் கோவைக்கே போய்விட்டான்.

ஸ்டீல் பானைகள் வரிசையாக இருந்தன. எதை எடுப்பது என்று தெரியாமல் கடையிலிருந்தே அவனுக்கு ஃபோன் போட்டேன்.

"அடியில குழாய் வச்சதா பார்த்து எடுடா. பார்லி மால்ட் ஊறின தண்ணிய ஈஸியா இறக்கிடலாம்."

"பெருசா, சின்னதா?"



"சின்னதே போதும்டா. நீ ஒருத்தன்தானே?"

பெரியதைத்தான் தூக்கிக்கொண்டு டிராமில் ஏறினேன். அவன் உட்காரும் ஜன்னல் சீட்டில் பானையை வைத்தேன்.

கோவை நண்பர்களே, அவன் கண்ணில் பட்டால் ஜெர்மனியில் வேலை கொட்டிக்கிடக்கிறது என்று சும்மாவாவது சொல்லிவையுங்களேன்.