குனிந்தால் குறைந்த வலி

நாலு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதம். கேரளத்தில் பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த கடைசி வருடம் அது. இப்போது வயதுக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் மகனோடு இருக்கிறேன். இங்கே காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனாலும் எழுந்ததும் என் கை கம்பளியைத் தேடும். நாம் மலையில் இல்லை என்று அப்புறம்தான் உறைக்கும். கூடவே பக்கத்து வீட்டு மதினி ஞாபகமும் வந்துவிடும்.

மதினி என்று கூப்பிடுவேனே தவிர, அவர் எனக்குச் சொந்தமில்லை. எஸ்டேட்டில் நாங்கள் லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில், அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் வெங்காயம் வதக்கினால் இந்தப் பக்கம் எனக்குப் பசிக்கும். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். இருபத்தாறு வருடம் தேயிலைக் காட்டில் அடுத்தடுத்த வரிசையில் நின்று கொழுந்து எடுத்தோம். பனி இறங்கி முகம் தெரியாத நாளில்கூட, அவர் பேச்சுச் சத்தத்தை வைத்தே நான் என் வரிசையைப் பிடித்துப் போய்விடுவேன். பத்து மணிக்கு அவர் தூக்குச் சட்டியில் கொண்டு வரும் பாலில்லாத கட்டன் சாயாவில் பாதி எனக்கு. அதில் இனிப்பு குறைவு என்று தினமும் குறை சொல்லிக்கொண்டே குடிப்பேன். அந்தச் சாயாவுக்காகவே இன்னொரு தடவை அந்த மலையில் மழையில் நனையலாம்.

மதினிக்கு நாற்பத்தைந்து வயதுவாக்கில் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. முடக்கு வாதம் என்றார்கள். காலையில் விரல் மடங்காது. வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்திருந்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். கிள்ள முடியாமல், கத்தரியால் கொழுந்து வெட்டப் பழகிக்கொண்டார். ஈரச் செடி உடம்பில் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கின் கயிற்றை அவரால் முடிச்சுப் போட முடியாது. தினமும் நான்தான் கட்டிவிடுவேன். கட்டும்போது வேண்டுமென்றே ஒரு இழுப்பு இழுப்பேன், அவர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். எங்கள் நாள் அப்படித்தான் தொடங்கும்.

கோட்டயத்து டாக்டர் ஒருவர் அவருக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. மதினி ஞாயிற்றுக்கிழமை போடுவார். மறுநாள் குமட்டல் தாங்காமல் முகம் சுண்டிப்போய் வந்து நிற்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் திருவாய் மலர்ந்தேன்.

"வாரத்துக்கு ஒருநா போட்டா அதெல்லாம் ஒரு மாத்திரையா மதினி? வயித்தப் பொரட்டுறதுதான் மிச்சம். தூக்கிப் போடுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. குமுளிக்குப் போனபோது ஒரு கடையில் வாத எண்ணெய் வாங்கி வந்து, நானே அவர் விரல்களுக்குத் தேய்த்தும் விட்டேன். குமட்டல் நின்றது. மதினி முகம் தெளிந்தது. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று லயம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

நாலைந்து மாதம் போனது. ஆனி முதல் வாரத்தில் மதினி நெஞ்சு வலிக்கிறது என்றார். அதுவும் ஒரு மாதிரியான வலி. வீட்டில் படுத்தால் வலிக்குமாம். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. காட்டுக்கு வந்து செடிமேல் குனிந்துவிட்டால் இன்னும் குறையுமாம். பத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் இடத்தில் இதைச் சொன்னால் என்ன ஆகும்? அதுவும் நான் இருக்கும்போது?

"எல்லாருக்கும் வேல செஞ்சா நோவும், ஒங்களுக்குப் படுத்தா நோவுதா? மேனேஜருக்குத் தெரிஞ்சா ஒங்களுக்குச் சிலை வச்சிருவாரு மதினி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிஜமாகவே நெஞ்சில் கோளாறு இருந்தால் ஒரு பொம்பளை இப்படிக் காலை முழுக்கக் குனிந்து வேலை செய்வாளா என்பதுதான் எங்கள் எல்லோருடைய கணக்கும். வாய்வு என்று முடிவு கட்டி, பூண்டைத் தட்டிப் பாலில் போட்டுக் கொடுத்தோம்.

ஆடி பிறந்தது. ஒரு நாள் காலை படங்குக் கயிறு எட்டவில்லை. போன வாரம் போட்ட இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி முடிச்சுப் போட வேண்டியிருந்தது. "சீசன் பலாப்பழம் எல்லாம் ஒங்க வயித்துலதான் இருக்கு" என்று அதற்கும் ஒரு கேலி. கால் வேறு வீங்கியிருந்தது. அன்றைக்கு அவர் என் தலையில் தட்டவில்லை. அதைக்கூட நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

அன்று பத்து மணிச் சாயா முடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மதினியின் கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் செடிமேல் கவிழ்ந்தபடி நிற்கிறார். உதடு நீலம் பாரித்திருக்கிறது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. ஓடிப் போய் நாலு பேராகத் தூக்கி வந்து, பாதையோரம் படங்கை விரித்து மல்லாக்கப் படுக்க வைத்தோம். மதினி முண்டி முண்டி எழப் பார்த்தார். "படுங்க மதினி, படுத்தாத்தான் மூச்சு வரும்" என்று அவர் தோளை அமுக்கிப் பிடித்தவள் நான்.

எஸ்டேட் ஜீப் வந்தது. அவர் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு நானே ஏறினேன். பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். மதினி என் கையைப் பிராண்டினார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், மூச்சு விடாது. நான் அழுதுகொண்டே அவரை அமுக்கிப் பிடித்திருந்தேன்.

ஒரு வளைவில் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் குடையோடு நின்று கை காட்டினார். மழையில் நிற்பவரை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அந்த மலையில் எந்த டிரைவருக்கும் கிடையாது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவருக்கு இப்போதுதான் லிஃப்ட் வேண்டுமா என்று. முன் சீட்டில் ஏறியவர் பின்னால் திரும்பிப் பார்த்ததும் சத்தம் போட்டார்.

"கிடத்தண்டா சேச்சி. எழுப்பு, எழுப்பி இருத்து."

மலையாளத்துப் பெண். படுக்க வைக்காதே, தூக்கி உட்கார வை என்கிறார். ஏதோ ஆஸ்பத்திரியில் நர்ஸாம், லீவில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறாராம். டிரைவரிடம் ஜீப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்தார். மதினியை நிமிர்த்தி உட்கார வைத்தார். தன் பை, மடித்த படங்கு எல்லாவற்றையும் மதினி மடியில் அடுக்கி, அதன்மேல் முன்பக்கமாகச் சாய வைத்தார். கொழுந்து எடுக்கக் குனிகிற அதே நிலை. கொஞ்ச தூரம் போனதும் மூச்சு ஓரளவு சீரானது. மதினிக்குப் பேச்சு வந்தது.

"ஏட்டி, இத்தன நாளா இதத்தான சொன்னேன்."

அந்த ஒரு வரியில் நான் செத்தேன்.

நர்ஸ் மதினியின் கோணிய விரல்களைப் பிடித்துப் பார்த்தார். "வாதம் உண்டல்லே? மருந்து கழிக்கறாங்களா?" என்று கேட்டார். மருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்றேன். யார் நிறுத்தச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த ஜங்ஷனில் இறங்க வேண்டியவர், இறங்காமல் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கப் போனவர்களைத் தடுத்து, விவரம் சொல்லி, மதினியை உட்கார வைத்தபடியே உள்ளே அனுப்பினார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. அது இதயத்தை விரிய விடாமல் நெருக்கிக்கொண்டிருந்ததாம். வயிறும் காலும் வீங்கியதும் அதனால்தானாம். கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். ஊசி போட்டு அந்த நீரை வெளியே எடுத்தார்கள். மூட்டில் வந்த நோய்க்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். முடக்கு வாதம் மூட்டோடு நிற்கிற நோய் இல்லையாம். எப்போதாவது சிலருக்கு இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வையும் அது வீங்க வைத்துவிடுமாம். இவ்வளவு நீர் சேர்வது அபூர்வம்தான், ஆனாலும் இந்த நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு மாதிரியான இதய நோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல், அதனால் ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். படுத்தால் கூடி, முன்னால் குனிந்தால் குறைகிற நெஞ்சு வலியே ஓர் அடையாளமாம். ஒரு மாதமாக மதினி அந்த அடையாளத்தைத் தன் வாயாலேயே எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

மாத்திரையை விடச் சொன்னது நான்தான் என்று டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அதனால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும், வேறு வழி இருந்தது என்றார். திட்டவில்லை. வெளியே வந்து அந்த நர்ஸைத் தேடினேன். மதினியின் வீட்டுக்காரர் பஸ் பிடித்து வந்து சேரும்வரை இருந்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். பட்டுச் சேலையெல்லாம் சேறு. கல்யாணச் சாப்பாடு போயிருக்கும். பெயரைக்கூடக் கேட்காமல், ஜீப்பில் ஏறினதற்கு மனசுக்குள் வைதவள் நான்.

மூன்றாம் நாள் மதினி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எல்லாம் என் வாயால வந்தது மதினி" என்று அழுதேன்.

"நீ சொன்ன, நான் கேட்டேன். மாத்திரைய விட்டது நானு. ஆனா வலின்னு சொன்னா நீ சிரிச்ச பாத்தியா, அதுதான் ஏட்டி சங்கடமா இருந்துச்சு" என்றார். பிறகு அந்தக் கோணல் விரல்களால் என் தலையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள், குமட்டலும் குறைந்தது. ஆனால் மதினி மறுபடி காட்டுக்கு வரவில்லை. மிச்சமிருந்த சில மாதங்களும் பக்கத்து வரிசையில் வேறொரு பெண் நிற்க நான் கொழுந்து எடுத்தேன். பத்து மணி ஆனால் சாயாவுக்கு அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பேன். இப்போதும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இங்கிருந்து போன் போட்டு மாத்திரை போட்டாச்சா என்று கேட்பேன். "போட்டாச்சு, நீ அங்க யார வைதுக்கிட்டிருக்க?" என்பார். பின்னால் மழைச் சத்தம் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே கொஞ்ச நேரம் கூடுதலாகப் பேசுவேன்.

இருபத்தாறு வருடம் பக்கத்திலேயே நின்று பார்த்த முதுகு அது. கடைசி ஒரு மாதம் மூச்சுக்காகத்தான் அப்படிக் குனிந்து நின்றது என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதனால்தான் இன்று யாராவது என்னிடம் வலிக்கிறது என்று சொன்னால், கேலி நாக்கு நுனிக்கு வந்தாலும் அதை விழுங்கிவிட்டு, எப்படி வலிக்கிறது என்று முதலில் கேட்கிறேன்.