ஒரே மூச்சில் ஒரு வெல்டிங்

போன சனிக்கிழமை ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ஆனால் அதற்கு முந்தின நாள் ஒரு காரைக் கெடுத்திருந்தேன். அதுவும் என் மனைவியின் காரை!

கமலாவின் கார் பழசு. பின்சக்கரத்துக்கு மேலே துரு தின்று, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. "ஸ்கூடாய் டவுன்ல பிலோமினா ஒர்க்‌ஷாப்புல குடுங்க. நீங்க கை வைக்காதீங்க, சொல்லிட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கோத்தா திங்கியில் தங்கை வீட்டுக்குப் போனாள்.

கை வைக்காதே என்றால் ஓர் ஆண்மகன் என்ன செய்வான்? மூன்று வீடியோ பார்த்தேன். நண்பரிடம் வெல்டிங் மெஷினை இரவல் வாங்கினேன். துருவை வெட்டியெடுத்து, புதுத் தகட்டைப் பொருத்தி, ஒரு முனையில் ஆரம்பித்து நிறுத்தாமல் ஒரே கோடாக இழுத்தேன். என்ன அழகு! எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அந்த மரியாதை பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. சூடு ஆற ஆறத் தகடு முனகியது... பார்த்தால், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. ஒட்டு மட்டுமா? சுற்றியிருந்த நல்ல தகடும் சேர்ந்து வளைந்துவிட்டது.

நிஜமாகவே பயந்துவிட்டேன். கமலா சத்தம் போடமாட்டாள். பேசாமல் கார் சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிடுவாள். அதற்குச் சத்தமே தேவலை.

மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு பிலோமினாவிடம் ஓடினேன். அங்கே அவர் கணவர் பெயின்ட் அடிப்பார். வெல்டிங் எல்லாம் இந்த அம்மாதான். குனிந்து பார்த்தார்.

"அலாமாக்! ஐயையோ, யாருண்ணே இத ஒட்டினது?"

"அது... கம்பத்துப் பக்கம் ஒரு ஆளு" என்று பழியை ஏதோ ஒரு கிராமத்தின் தலையில் கட்டினேன்.

அந்த ஆளை அவர் நன்றாகத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். வேறென்ன செய்ய?

என் ஒட்டை வெட்டி எறிந்தார். நெளிந்த இடத்தைத் தட்டிச் சமன் செய்து, புதுத் தகட்டைப் பொருத்தினார். ஒரு மூலையில் வெல்டிங்கால் ஒரு பொட்டு வைத்தார். எதிர் மூலையில் இன்னொன்று. பிறகு உட்கார்ந்து கோப்பி குடிக்க ஆரம்பித்துவிட்டார்!

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"தொட்டுப் பாருங்கண்ணே. கை தாங்கினாத்தான் அடுத்த பொட்டு. ஒரே எடத்துல சூட்ட ஏத்துனா தகரம் கோவிச்சுக்கும் லா."

இப்படியே இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்த பொட்டுகள், மத்தியானத்துக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகிவிட்டன. தகடு துளி நெளியவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டுச் சண்டையை நாம் எப்படிப் போடுகிறோம்? குழம்பில் உப்பு இல்லை என்று ஆரம்பித்து, கல்யாணத்தில் மச்சான் சரியாக வரவேற்கவில்லை என்பது வரை ஒரே இழுப்பு. நடுவில் ஒரு கோப்பிகூடக் கிடையாது. அப்புறம், எதிரில் இருப்பவர் முகம் ஏன் கோணிக்கொண்டது என்று நாமே கேட்கிறோம்!

பெயின்டும் அடித்து முடித்த சாயங்காலம், தங்கை காரில் வந்து ஒர்க்‌ஷாப் வாசலிலேயே இறங்கினாள் கமலா. ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள். முகத்தில் திருப்தி. எனக்கு உயிர் வந்தது.

பிலோமினா விடவில்லை. "அக்கா, அந்தக் கம்பத்து ஆளுகிட்ட மட்டும் இனிமே போயிடாதீங்க. அவனுக்குப் பொறுமையே கெடையாது."

கமலா என் கை விரல்களைப் பார்த்தாள். தீப்பொறி சுட்ட இடங்களில் நான்கு பிளாஸ்டர்.

"எப்படிம்மா போகாம இருக்கிறது? அந்த ஆளு கூடத்தான் இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்துறேன்!"