வண்டியில் ஏறிய இரண்டாம் ஆள்

என் மகன் முரளியின் செருப்பு காலைவிட்டுக் கழன்றது அவனுக்குத் தெரியவில்லை. பதினோரு அடி நடந்துவிட்டான். பின்னால் வந்த நான் எண்ணினேன். அவனுக்கு அப்போது வயது பதினாறு, எனக்கு ஐம்பத்தெட்டு. அதுதான் முதல் அறிகுறி. நான் திமிர் என்று நினைத்து, அந்தச் செருப்பை எடுத்து அவன் முதுகில் வீசினேன்.

நோயின் பெயர் தெரிய மேலும் நான்கு மாதங்கள் ஆயின. சைக்கிள் கடைப் பசையைப் போதைக்காக முகர்ந்து முகர்ந்து அவனுக்குப் புறநரம்புச் சிதைவு (கை, கால்களுக்குப் போகும் நரம்புகள் பழுதாகி உணர்ச்சி மரத்துப்போவது) வந்திருந்தது. மருத்துவர் அவன் கண்களை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஊசியால் தொட்டு ஆறு முறை கேட்டார். ஆறு முறையும் "தெரியுது" என்றான். அதில் இரண்டு முறை அவர் தொடவே இல்லை.

"நிறுத்தினா நரம்பு திரும்ப வளரும் சார். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். நிறுத்தலேன்னா நடையே போயிடும். வீட்ல வெச்சு முடியாது, தங்கித்தான் சிகிச்சை எடுக்கணும்," என்றார்.

"செத்தாலும் அங்க போமாட்டேன்," என்றான் முரளி.

மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்க மூன்று முறை நாள் குறித்தேன். மூன்று முறையும் ஒன்பது வீடு தள்ளியிருந்த என் அண்ணன் வீட்டுக்கு ஓடிவிட்டான். நான் தாலுகா அலுவலக எழுத்தர். அண்ணன் பிள்ளையார்பாளையத்துத் தறியிலேயே இருந்தவர். புடவைக் கரைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, இழை ஓட்டும் நாடாவை வீச அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பையன் கை நடுங்கினாலும் அது அவருக்குப் போதும்.

"புள்ள நல்லாத்தான் வேல செய்யறான். நீதான் ஆபீஸ் பைல் மாதிரி அவனுக்கு சீல் குத்திக்கினு கீற," என்றார்.

அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் நான் அவரை மன்னிக்கவில்லை. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் பிள்ளையை ஒளித்துவைப்பதை அன்பு என்று ஊர் சொல்லும். நீங்கள் நம்பாதீர்கள்.

நான்காவது முறை நான் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி சரோஜாவிடம்கூட. இல்லத்து வண்டியைக் காலை ஆறரைக்கு வரச் சொன்னேன். அன்று அண்ணன் வாசலில் பாவு தோயும் நாள். நெய்வதற்குமுன் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் ஏறுமுன் கஞ்சி தடவி நீவுவார்கள். பன்னிரண்டு பேராவது கூடுவார்கள். ஓடுகிறவனைப் பிடிக்க அத்தனை பேர் இருப்பார்கள் என்பது என் கணக்கு. அந்த இருபத்து நான்கு கைகளும் பாவில் இருக்கும் என்பதை நான் எண்ணவில்லை. கட்டிய பாவை எங்கள் தெருவில் யாரும் தாண்டமாட்டார்கள். பாதியில் கைவிடவும் மாட்டார்கள். நெசவாளர் வீட்டில் பிறந்தவன் செய்யக்கூடாத தவறு.

வண்டியிலிருந்து இருவர் இறங்கியதைப் பார்த்ததும், அங்கே பாவு நீவிக்கொண்டிருந்த முரளி அதற்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய் நின்றான். "எங்க, இந்தப் பக்கம் வாயேன் பாக்கலாம்," என்றான். நான் இடப்பக்கம் ஓடினால் அவன் வலப்பக்கம் போனான். யாரும் கையை எடுக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "டேய் சம்பந்தம், பாவு மேல கை வெச்ச, தொலைச்சிடுவேன்."

கஞ்சிப் பானை அருகில் கத்தரிக்கோல் கிடந்தது. மூன்று புடவைக்கான இழைகள். எடுத்து மூன்று வெட்டு வெட்டினேன். முதல் வெட்டு மகனிடம் போக வழி. மற்ற இரண்டும் அண்ணனுக்கு.

ஐந்து பேர் என்மேல் விழுந்தார்கள். நான் கத்தினேன், உதைத்தேன், வேட்டி அவிழ்ந்தது. வண்டி ஆட்கள் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார்கள்.

"பேஷன்ட் இவர்தானா?"

முரளி சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு. "ஆமாண்ணே, இவுருதான். ரொம்ப முத்திப்போச்சி, ஏத்திக்கோங்க." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: "நீயும் ஏறு. நான் எத்தினி நாளு உள்ள இருக்கறனோ, நீயும் இருக்கணும். அப்பதான் வருவேன்."

"ஏறுடா. யாரு மொதல்ல கெஞ்சறான்னு பாக்கலாம்," என்றேன்.

நாற்பத்தைந்து நாட்கள். குடும்பத்தார் தங்கும் அறையில் எனக்குக் கட்டில் கொடுத்தார்கள். முதல் வாரம் அவனுக்குப் பின்வாங்கல் அறிகுறிகள் (பழக்கம் நின்றதும் உடல் காட்டும் எதிர்ப்பு): வியர்வை, நடுக்கம், தட்டை வீசும் கோபம். இரண்டாம் வாரம் முதல் சாப்பாட்டுக் கூடத்தின் மறுகோடியிலிருந்து கூப்பிடுவான்: "என்னா கிளார்க்கு, வூட்டுக்குப் போலாமா?"

"நீ கேளு மொதல்ல."

இருவரும் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் அவனை உள்ளே வைத்திருந்தது. வேறு நல்ல காரணம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

இல்லத்து மருத்துவர் ஒருநாள் கேட்டார்: "பல இல்லம் விசாரிச்சீங்களே, இத ஏன் எடுத்தீங்க?" சுவர் உயரமாக இருந்ததால் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அது உங்க பையனுக்கும் தெரியும் சார்," என்றார். அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் அவனைக் குணமாக்க மட்டும் அனுப்பவில்லை, தண்டிக்கவும் அனுப்பினேன். தண்டனைக்கு எவன் தானாக நடந்து வருவான்? இதைப் படிக்கும் பெற்றோரே, வண்டியை அழைக்குமுன் குணமாக்கவா, தண்டிக்கவா என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியபின் ஒருமுறை மறுபடி பசைக்குச் சறுக்கினான். அம்முறை அவனே பேருந்து ஏறி இல்லத்துக்குப் போனான். எனக்குச் சொல்லவில்லை.

அதிலிருந்து ஏழாவது மாதம், நடைப்பயிற்சிக்காக மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றிருந்தோம். திடீரென்று வெறுங்காலால் என் காலை ஓங்கி மிதித்தான்.

"என்னாடா!"

"வலிச்சிதா?"

"வலிக்காம?"

"என்னைக் கேக்காம வண்டி வரவெச்ச இல்ல, அதுக்கு." காலை எடுக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். குரல் இறங்கியது. "உன் வெரலு அடியில இருக்குது. தெரியுதுப்பா. ஜில்லுனு இருக்குது." மறுபடி அழுத்தினான், இம்முறை மெதுவாக.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அவன் மிதித்ததில் என் கால் சுண்டுவிரல் நகம் கறுத்தது. நகம் நரம்பைவிட மெதுவாக வளர்கிறது. ஞாயிறுதோறும் அளந்தேன். கறுப்பு அடியிலிருந்து நுனிக்கு வரப் பதின்மூன்று மாதங்கள் ஆயின. அதற்குள் முரளி பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான், என்னோடு சண்டை போட்டு மூன்று மாதம் பேசாமலும் இருந்தான். கடைசிக் கறுப்பை வெட்ட வேண்டிய ஞாயிறு வந்தது. வெட்டவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.