கும்பத்துக்கு முன் வைத்த ரிவால்வர்

மூன்று வருடங்களுக்கு முன், சரஸ்வதி பூசை அன்று, லண்டன் குட்மேய்சில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. ஃபாரஸ்ட் கேட்டில் கார் திருத்தும் கராஜில் வேலை. வெள்ளிக்கிழமை விரதம், கோயில், வீடு என்று இருப்பவன். இப்படிப்பட்டவனுக்குத் துவக்கு எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. கராஜுக்கு வந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எசெக்ஸ் பக்கம் உள்ள தன் குறிபார்த்துச் சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனார். அதில்தான் தொடங்கியது. மூச்சை அடக்கி, கடதாசி வட்டத்தைப் பார்த்து விரலை இழுக்கும்போது மனம் மூலஸ்தானத்தில் நிற்பதுபோல அமைதியாகிவிடும். கோயில் வீதியில் தெரிந்தவர்கள், "ஆரைச் சுடப் போறியள் ஐயா?" என்று பல்லைக் காட்டுவார்கள். "பேப்பரை" என்பேன். உள்ளுக்குள் பற்றி எரியும்.

இந்த நாட்டில் சாதாரண கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. எங்களைப் போன்ற கிளப்காரருக்கு நீளக் குழலும், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியும் உள்ள ரிவால்வரைத்தான் அனுமதிப்பார்கள். சட்டைப்பையில் ஒளிக்க முடியாது. அதற்கும் பொலிஸ் லைசென்ஸ் வேண்டும். சுவரோடு இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும். பூட்டின் திறப்பு எங்கே இருக்கிறது என்று மனைவிக்குக்கூடத் தெரியக்கூடாது. நான் நான்கு வருடமாக வைத்திருந்தது .22. சின்ன ரவை, அதாவது சின்னத் தோட்டா; கையில் உதைப்பே தெரியாது. ஆனால் எனக்கு ஆசை வேறு. கிளப்பில் இரும்புத் தட்டுகளைச் சுட்டு விழுத்தும் போட்டி ஒன்று உண்டு. .22 பட்டால் அந்தத் தட்டு அசையாது. பெரிய ரவையுள்ள .357 பட்டால் அப்படியே மல்லாந்து விழும்.

கிளப் செயலாளர் தன்னுடைய .357-ஐ எனக்குப் பழகத் தந்தார். முதல் வெடியிலேயே மணிக்கட்டு மேலே எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு சுட்டவையெல்லாம் குறிக்குக் கீழே போயின. அவர் ஒரு வேலை செய்தார். எனக்குக் காட்டாமல், நல்ல ரவைகளுக்கு நடுவில் சுட்டு முடிந்த வெறும் கோதுகளையும் போட்டுத் தந்தார். வெறும் கோது வந்தபோது வெடிக்கவில்லை, உதைக்கவுமில்லை. ஆனாலும் உதைப்புக்குப் பயந்து என் கை தானாகக் கீழே வெட்டி இழுத்தது. துவக்கில் பிழை இல்லை, உன் கையில்தான் என்றார். ஒரு கோடைகாலம் முழுக்கப் பழகி அதைச் சரிப்படுத்தினேன். பிறகுதான் .357-ஐயும் லைசென்சில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தேன். பூசைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பொலிஸ் அதிகாரி வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பூசைக்கு ஒவ்வொரு வருடமும் என் கராஜ் ஸ்பானர்ச் சாவிக்கட்டு, மனைவியின் தையல் கத்தரிக்கோல், மகளின் புத்தகங்கள் எல்லாம் கும்பத்துக்கு முன் இருக்கும். அந்த வருடம் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. புதியது வரும் முன் பழையதற்கு நன்றி சொல்ல வேண்டும். ரவைகளைப் பெட்டியிலேயே பூட்டிவிட்டு, ரவை போடும் உருளையை மூன்று தரம் திறந்து பார்த்துவிட்டு, .22-ஐக் கொண்டுவந்து சிவப்புப் பட்டில் கிடத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

"உது சாமிக்கு முன்னால தேவையோ?" என்றாள் மனைவி.

"ஆயுத பூசை எண்டுதானே பேர்?" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்குப் பெருமை.

சனம் வந்தது. பிரான்சிலிருந்து இங்கே குடிவந்த மனைவியின் தம்பி, குடும்பத்தோடும் ஐந்து வயது மகளோடும் வந்திருந்தான். தேவாரம் பாடி முடிந்த நேரம், வந்தவர்களில் யாரோ தன் வாசலை மறித்துக் கார் விட்டிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அந்தக் காரின் திறப்பை வாங்கி எடுத்து, அடுத்த தெருவில் இடம் தேடி விட்டுவர எனக்குப் பத்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தால் எல்லோரும் அடுப்படியில் அவலும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் போன் அடித்தது. குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் ஒரு படம். கீழே மச்சான் எழுதியிருந்தான்: "அத்தான் வீட்டு ஆயுத பூசை."

படத்தில் என் கண்ணுக்குத் துவக்கு மட்டும்தான் தெரிந்தது. ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வரை அத்தனை சொந்தமும் அந்தக் குறூப்பில் இருக்கிறது. யாராவது ஒருவர் பொலிசுக்கு அனுப்பினால் போதும், செவ்வாய்க்கிழமை என் லைசென்ஸ் முடிந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"என்ர வீட்டில திண்டுகொண்டே எனக்குக் குழி பறிக்கிறியோ? பெண்சாதி பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடு."

பகிடிக்குத்தான் போட்டதாகச் சொல்லி அவன் உடனே படத்தை அழித்தான். நான் விடவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால், கையில் அவல் தட்டோடு நின்றவனை வாசல் வரை கத்தித் துரத்தினேன். சப்பாத்துப் போடும்போது அந்தக் குழந்தை விக்கி விக்கி அழுதது.

கதவு சாத்தியதும் மனைவி தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அழிக்கும் முன் அவள் அந்தப் படத்தைச் சேமித்திருந்தாள்.

"துவக்கைப் பாக்காதையுங்கோ. பிள்ளையைப் பாருங்கோ."

பார்த்தேன். குழந்தை நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கிறது. மடியில் என் ரிவால்வர். ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணைக் குழல் வாயில் வைத்து உள்ளே எட்டிப் பார்க்கிறது. கன்னத்தில் துவக்கின் சந்தனம். பெருவிரல் விசையில்.

"வெறும் துவக்கு. மூண்டு தரம் பாத்தனான்" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமோ? அவன் படம் எடுக்காட்டி இப்பிடி நடந்ததே உங்களுக்குத் தெரியாது."

அந்தக் கோபம் எங்கே போகும்? சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது. மூன்று நாள் சாமியறைக்குள் போய்க் கண்ணை உயர்த்த முடியவில்லை. இதற்கிடையில் ஆளுக்காள் புத்தி சொன்னார்கள். படம்தான் அழிந்துவிட்டதே, வாயை மூடிக்கொண்டிரு என்றார் ரொறன்ரோவிலிருந்து அண்ணை. அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் அதிகாரி வந்தார். நான் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். பெட்டியை இழுத்துப் பார்த்தார். ரவைகளை எண்ணினார். கிளப்புக்குப் போக, துடைக்க என்பதைத் தவிர வேறு எதற்காவது இது வெளியே வந்ததா என்று வழக்கமான கேள்வியாகத்தான் கேட்டார். இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சாமியறைக் கதவு திறந்துதான் இருந்தது, அம்பாள் படம் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஏசியிருந்தால் எனக்கும் திருப்பிக் கோபப்பட ஒரு வழி இருந்திருக்கும். ஏசவில்லை. பிள்ளைக்கு எத்தனை வயது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கே ரிவால்வர் வீட்டை விட்டுப் போனது. .357 கிடைக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு .22 திரும்பி வர எட்டு மாதம் ஆனது. சொந்தத்தில் பாதிப் பேருக்கு மறைக்காமல் சொன்ன நான் இன்றைக்கும் விசரன்தான், பைத்தியக்காரன்தான்.

அந்தச் செவ்வாய்க்கு அடுத்த ஞாயிறு அப்டன் பார்க்கில் மச்சான் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் குழந்தை திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அவன் முடிக்க விடவில்லை.

"நானும் சிரிச்சுக்கொண்டெல்லோ அத்தான் படம் எடுத்தனான்," என்றான். "எனக்கும் நித்திரை இல்லை."

இப்போதும் அந்த .22-தான். திரும்ப விண்ணப்பிக்கச் சொல்லிச் செயலாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பார்ப்போம் என்று சொல்லி விலகிவிடுகிறேன். பூசைக்குச் சாவிக்கட்டு மட்டும்தான் வைக்கிறேன். அன்று வெறும் கோதுதான் என் கையின் பிழையைக் காட்டிக்கொடுத்தது. ரவை இல்லாத அந்த வெறும் துவக்குத்தான் என் வீட்டுக்கு நான் எப்படிப்பட்ட காவல் என்பதையும் காட்டிக்கொடுத்தது. என்மேல் எனக்கு வந்த அந்தக் கோபம் ஆறக்கூடாது என்றுதான் ஒவ்வொரு வெள்ளியும் கும்பிடுகிறேன்.