மிளகாய்க்கு வலித்த நாள்

தொழிற்சாலையின் மருத்துவ அட்டை அவளை இப்படி வருணித்தது: "அமைதியான சுபாவம். சொன்னதைக் கேட்டு நடப்பவர்." எழுதியவர் அவளோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கும் அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெயர் மிளகாய்.

இயந்திரம் நுழையாத மூலைகளை வளைந்த ஊசியால் கையால் தைப்பது அவள் வேலை. அங்கே கண் உதவாது. உறைக்குள் போன ஊசிமுனையை மறுகையின் விரல்தான் தடவிப் பிடிக்கவேண்டும். அந்த விரல்களைப் பற்றி அவளுக்குத் தலைக்கனம் உண்டு. நியாயமான தலைக்கனம் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.

மாலையானால் கை ஓய்ந்துபோகிறது என்று ஒருநாள் வீட்டில் சொன்னாள். நாத்தனார் காதில் விழுந்தது. அலமாரியில் ஒரு மருந்துக்கடையையே குடிவைத்திருப்பவள் அவள்.

"நரம்புல சத்து இல்ல அண்ணி. இதைப் போடுங்க. வைட்டமின்தானே, என்ன பண்ணிடப்போகுது?"

யார் பேச்சையும் கேட்காத மிளகாய் இதை மட்டும் கேட்டுத் தொலைத்தாள். சில மாதங்களில் விரல்நுனி மரத்தது. சத்து போதவில்லை என்று கூடவே போட இரண்டாவது பாட்டில் வந்தது. மரப்பு கூடியது. மூன்றாவதும் வந்தது.

ஒரு காலை, வெளிர்நிற உறையில் சிவப்புப் பொட்டுகள். ஊசி குத்தியது அவளுக்கே தெரியவில்லை. சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, விரல் சரியாகற வரைக்கும் மடிப்பு மேசைக்குப் போங்களேன்."

"என்னைத் துணி மடிக்கச் சொல்றியா? உன்னையே மடிச்சு அடுக்கிடுவேன்!"

சொன்னாளே தவிர, போய் மடித்தாள். அன்று மாலையே டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"மாத்திரையெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். சத்துதான்." பையிலிருந்து மூன்று பாட்டில்களும் வெளியே வந்தன.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். "மூணுலயும் இருக்கறது ஒரே வைட்டமின் பி6 மா. அளவு மீறினா இதுவே விரலை மரத்துப்போக வச்சிடும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். ஆனா இன்னைக்கே நிறுத்திடுங்க."

ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது.

"சரி டாக்டர், இதுக்கு என்ன மாத்திரை?"

"ஒண்ணும் கிடையாது. நிறுத்தறதுதான் வைத்தியம். மெதுவாத்தான் சரியாகும்."

வீட்டில் நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டாள். "மரத்துக் கிடக்கறப்பவா மருந்தை நிறுத்துவாங்க?"

மிளகாய்க்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். எதையாவது செய் என்றால் மலையைக்கூடப் புரட்டுவாள். சும்மா இரு என்றால் அவளுக்குக் கைவராது. மடிப்பு மேசையில் நின்றபடி மதியம்தோறும் விரலில் ஊசியை மெல்ல வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. ராத்திரி அலமாரிப் பக்கம் கை போகும். கையைத் திட்டி இழுத்துக்கொள்வாள்.

வாரங்கள் ஓடின. ஒரு மதியம் பட்டறையே அதிர்ந்தது.

"ஐயோ அம்மா!"

போட்டது போட்டபடி எல்லோரும் ஓடிவந்தார்கள். "என்னக்கா ஆச்சு?"

"வலிக்குது! குத்தினா வலிக்குதுய்யா!" கண்ணில் நீர், முகமெல்லாம் பல்.

"குத்துப்பட்டு இப்படிக் கொண்டாடற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் சூப்பர்வைசர். பழைய மூலைக்கு அவளுடைய முக்காலியை அவரே தூக்கிக்கொண்டு போனார். சீக்கிரமே ஒரு நெடுந்தூரப் பேருந்தின் கடைசி வரிசை முழுவதையும் அவள் தைத்து முடித்தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை.

நாத்தனார் ரகசியமாக அருகில் வந்தாள். "எந்த மருந்து அண்ணி கேட்டுச்சு? எனக்கும் ஒரு பாட்டில் சொல்லுங்களேன்."

மிளகாய் எந்த மருந்தும் சாப்பிடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.